மெஷின் அக்கா அடிக்காத வார்த்தை

எங்கள் ஆபீசுக்கு மனுக் கொடுக்க வருகிறவர்கள் அதிகாரியைப் பார்ப்பதற்கு முன்னால் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் மெஷின் அக்காவைப் பார்ப்பார்கள். எந்த இலாகா ஆபீஸ் என்று நான் சொல்லப் போவதில்லை. இன்றைக்கும் எனக்குப் பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது, எதற்கு வம்பு? தென்காசியில், மொட்டைக் கோபுரம் தெரிகிற ஒரு தெருவில் இருந்தது என்கிற அளவுக்குத் தெரிந்தால் போதும். செங்கோட்டை நம் மாகாணத்தோடு வந்து சேர்ந்து கொஞ்ச காலமே ஆகியிருந்த சமயம்.

அக்காவுக்குப் பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் சொல்லவில்லை. சொந்தமாக ஒரு டைப் மெஷின் வைத்திருந்ததால் மெஷின் அக்கா. நாற்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, மூக்குக்கண்ணாடியில் ஒடிந்துபோன ஒரு காலுக்குப் பதிலாக நூல். பாளையங்கோட்டையில் படித்த கிறிஸ்தவப் பெண். புருஷன் இறந்த பிறகு மெஷினோடு இங்கே வந்து, மாடிப்படிக்குக் கீழே ஒரு தகர மேஜையைப் போட்டு உட்கார்ந்தவள். அந்த மெஷின்தான் அவளுக்குச் சோறு.

நான் தபால் குமாஸ்தா. வருகிற மனுவை வாங்கி, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, மேலே அனுப்ப ஒரு குறிப்பும் எழுதி வைக்க வேண்டும். என் மேஜைக்கும் அவள் மேஜைக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான். அவள் அங்கே அடிப்பதை நான் இங்கே குத்துவேன்.

மனு அடிக்க யார் வந்தாலும் அக்கா மூன்று கேள்வி கேட்பாள். என்ன வேணும்? எப்போ வேணும்? கிடைக்கலைன்னா என்ன செய்வீரு? முதல் இரண்டுக்கும் பதிலைக் காதில் வாங்கிக்கொண்டே காகிதத்தைச் சொருகுவாள். மூன்றாவதைக் கேட்டதும் கையை மடியில் வைத்துக்கொண்டு ஆளின் முகத்தையே பார்ப்பாள். அதற்கு அவன் சொல்கிற பதிலை வைத்துத்தான் மனுவில் எந்தச் சொல்லைப் போடுவது என்று முடிவு செய்வாள். அப்போது மனு எல்லாம் இங்கிலீஷில்தான். இங்கிலீஷில் 'கேள்' என்பதற்கு ஒரு சொல் இல்லை, ஒரு கூட்டுக் குடும்பமே இருக்கிறது என்பதை அந்த ஜன்னல் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

கடையில் உப்பு கேட்பது மாதிரி வெறுமனே கேட்டால் ஆஸ்க். அதை அதிகாரியிடம் போட்டால் வெளியே போ என்பார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டால் ரிக்வெஸ்ட். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வேண்டிக்கொண்டால் சொலிசிட். விடாமல் மன்றாடினால் என்ட்ரீட். கண்ணில் தண்ணீர் நிற்க, குரல் உடைந்து கேட்டால் இம்ப்ளோர். ப்ரே என்று ஒன்று இருக்கிறதே, கோர்ட்டில் எல்லாம் போடுகிறார்களே என்று ஒருதரம் கேட்டேன். அது ஞாயித்துக்கிழமைக்கு வச்சிருக்கேன் தம்பி, உங்க அதிகாரிக்கு அவ்வளவு தூரம் வேண்டாம் என்றாள்.

அடிக்கவே அடிக்காத சொல் ஒன்றும் இருந்தது. வேப்பமரத்தடியில் மனு எழுதும் இரண்டு பேர் உண்டு. அவர்கள் எடுத்த எடுப்பிலேயே 'ஐ பெக்' என்றுதான் தொடங்குவார்கள். பெக் என்றால் கெஞ்சுவது, கையேந்துவது. எழுதுகிறவனுக்கும் அது உறைக்காது, படிக்கிறவனுக்கும் உறைக்காது. பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி போட்டுவிட்டுப் போவார்கள். அக்கா மட்டும் முடியாது என்பாள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். ஒருத்தரிடம் ரிப்பனில் மை இல்லை என்றாள், இன்னொருத்தரிடம் அந்த வார்த்தையை இங்கிலாந்திலேயே நிறுத்திவிட்டார்கள் என்று துணிந்து புளுகினாள். என்னிடம் பி எழுத்து சிக்குகிறது என்றாள். அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து நான் போய் அந்த எழுத்தைத் தட்டிப் பார்த்தேன். ஜம்மென்று விழுந்தது.

எங்கள் அப்பா மனு, தாத்தா மனு எல்லாத்திலும் பெக் இருந்தது, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று இலஞ்சிக்காரர் ஒருத்தர் சண்டைக்கே வந்துவிட்டார். உங்க அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் காரியம் நடந்துதா என்று அக்கா கேட்டாள். மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு சொலிசிட்டே போடும் என்றார்.

இந்தச் சொற்களின் படிக்கட்டை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான், அதில் எனக்குப் பெருமை உண்டு. அக்கா ரிக்வெஸ்ட் போட்ட மனு ஒரு மாதம் கிடந்தாலும் ஆளுக்குச் சேதமில்லை. என்ட்ரீட் என்றால் இந்த வாரம் பார்க்க வேண்டும். இம்ப்ளோர் என்றால் அன்றைக்கே, இல்லாவிட்டால் ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். தலைமை குமாஸ்தாவிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. இரண்டு மாதம் கவனித்துவிட்டு, ஏலே, அந்தம்மா இம்ப்ளோர் வந்தா மேல வை என்று ரகசியமாகச் சொன்னார். மேலே வைத்தேன். ரகசியம் என்றால் தென்காசியில் எத்தனை நாள் நிற்கும்? எதிரே சோடாக்கடை அண்ணாச்சியிடம் நானே சொன்னேன். அதோடு ஊருக்கே தெரிந்துபோயிற்று.

அப்புறம் பார்க்க வேண்டுமே கூத்தை. அவனுக்கு இம்ப்ளோர், எனக்கு வெறும் ரிக்வெஸ்ட்டா என்று படிக்கட்டடியில் சண்டை. செங்கோட்டைக்காரர்கள் மனுவை அபேட்சை என்பார்கள். அவர்களும் வந்து, எங்கள் அபேட்சைக்கு உள்ளதிலே பெரிய சொல்லாகப் போடுங்கள் என்று நின்றார்கள். புளியங்குடியிலிருந்து ஒரு எலுமிச்சை வியாபாரி லாரியையே வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். சரக்கு அடைத்து வைக்கிற கிட்டங்கிக்கு ஏதோ உத்தரவு. இம்ப்ளோர்தான் வேண்டும் என்றார். அக்கா மூன்றாவது கேள்வியைக் கேட்டாள். கிடைக்காம எங்க போகும், ஆளை வச்சு வாங்கிருவேன்லா என்றார் வாய் தவறி. ரிக்வெஸ்ட் விழுந்தது. மனுஷருக்கு முகம் சுண்டிவிட்டது. போகும்போது ஒரு கூடை எலுமிச்சை வைத்துவிட்டுப் போனார். அக்கா அதைத் தொடவில்லை. கூடை சோடாக்கடைக்குப் போய், ஆபீஸ் முழுக்க அன்றைக்கு எலுமிச்சை சோடா குடித்தோம். மனு முறைப்படி இருபத்தெட்டு நாள் கிடந்தது.

ஒரே ஒருத்திக்கு மட்டும் அக்கா வேறு மாதிரிச் செய்தாள். வாழைக்காய் விற்கிறவள், அவளுடைய நிலப் பத்திரம் எங்கள் ஆபீசிலேயே எந்த மூலையிலோ கிடந்தது. கேட்டுக் கேட்டுக் கால் தேய்ந்துபோயிருந்தாள். அழுதுகொண்டே வந்து நின்றாள். அக்கா, அந்தப் பத்திரம் யாருது என்று மட்டும் கேட்டாள். என்னுதுதான் என்றாள். உன் சாமானை நீ எதுக்கு அழுதுக்கிட்டுக் கேக்க என்று சொல்லிவிட்டு டிமாண்ட் என்று அடித்தாள். எடு என் பொருளை என்று அர்த்தம். அதைப் படித்த தலைமை குமாஸ்தா இரண்டு நாள் பீரோ பீரோவாகத் தேடினார். பத்திரம் கிடைத்தது.

இப்படி இருக்கையில் புது அதிகாரி வந்தார். வந்த அன்றைக்கே படிக்கட்டடிக் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தார். ஆபீஸ் காம்பவுண்டுக்குள் தொழில் செய்கிற வெளியாட்கள் எல்லாரும் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும், இருக்க விரும்புகிறவர்கள் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும் என்று உத்தரவு. வேப்பமரத்தடி ஆட்கள் இரண்டு பேரும் அன்று சாயங்காலமே 'ஐ பெக்' என்று கொடுத்துவிட்டார்கள். அனுமதியும் வந்துவிட்டது.

ஊருக்கெல்லாம் மனு அடித்தவள் தனக்கு எந்தச் சொல்லை அடிப்பாள் என்று சோடாக்கடையில் ஒரே பந்தயம். அண்ணாச்சி என்ட்ரீட் என்றார். தலைமை குமாஸ்தா சொலிசிட்டுக்கு மேலே போகமாட்டாள் என்றார். நான் இம்ப்ளோர் என்றேன். அந்த இடம் போனால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? கட்டடத்துக்குள் இருப்பதால்தான் சாரல் அடிக்காமல் காகிதம் நனையாமல் இருக்கிறது, வருகிறவன் கண்ணில் முதலில் படுகிறாள். வெளியே போனால் ஒரு வருஷம் தாங்கமாட்டாள் என்று நான் நிஜமாகவே பயந்தேன்.

பதினாலாம் நாள் அவளுடைய மனு என் மேஜைக்கு வந்தது. மூன்றே வரி. இத்தனை வருஷமாக மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து டைப் அடித்து வருகிறேன், இதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, தொடர்ந்து அங்கேயே அடித்து வருவேன் என்று இன்ஃபார்ம் செய்கிறேன். தெரிவித்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். அவ்வளவுதான். கேட்கிற குடும்பத்துச் சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

ஜன்னல் வழியாக எட்டி, என்ன அக்கா இது என்றேன். என் கேள்வியை நானே கேட்டுப் பாத்துக்கிட்டேன் தம்பி, கிடைக்கலைன்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் உக்காருவேன், அதுக்கு எதுக்கு அழணும் என்றாள். பிறகு யாருக்கோ சொலிசிட் அடிக்கத் தொடங்கிவிட்டாள்.

புது அதிகாரிக்கு மனுவைப் படிக்கிற வழக்கம் இல்லை, மேலே வைத்த குறிப்பைத்தான் படிப்பார். குறிப்பு எழுதுகிறவன் நான். மனுதாரர் இன்ஃபார்ம் செய்கிறார் என்று எழுதினால் அன்றைக்கே வெளியே தள்ளிவிடுவார், அது உறுதி. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருந்தேன். பிறகு, இந்த மனுதாரர் அனுமதி தருமாறு பெக் செய்கிறார் என்று எழுதினேன். மனுவில் நான் கை வைக்கவில்லையே, குறிப்பில்தானே எழுதினேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழை செய்கிற காரியத்துக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்?

சாரல் நன்றாக விழத் தொடங்கியிருந்தது. சாரல் காலத்தில் அதிகாரி குற்றாலத்தில் கேம்ப் போட்டுவிடுவார். அரசாங்கக் காரியம் அங்கே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் கோப்புக் கட்டோடு பஸ்ஸில் போனேன். அவர் அருவியில் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு, வடையும் காப்பியுமாக பங்களா வராந்தாவில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து அக்காவின் கோப்பை நீட்டினேன். குறிப்பைப் படித்தார். பாவம் பொம்பளை, இருந்துட்டுப் போகட்டும் என்று அனுமதி எழுதினார். எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது. ஓடிப்போய் அருவியில் தலையைக் கொடுத்து நின்றேன்.

கோப்பு தென்காசிக்குப் போய், அங்கே தலைமை குமாஸ்தா உத்தரவைக் கையால் எழுதி, அதை டைப் அடித்து, கையெழுத்துக்குத் திரும்பக் குற்றாலத்துக்கு வர வேண்டும். நான் கேம்ப்பிலேயே தங்கிவிட்டேன். இரண்டு விஷயத்தை யோசிக்காமல் போனேன். ஒன்று, எந்த உத்தரவிலும் மேலே 'படித்தவை' என்று போட்டு, எந்த மனுவின் பேரில் இது பிறந்தது என்று ஒரு வரி எழுதுவார்கள். தலைமை குமாஸ்தா அந்த வரியை என் குறிப்பிலிருந்து அப்படியே எடுப்பார். இன்னொன்று, எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்டுக்குச் சாரல் பட்டால் காய்ச்சல் வரும். அவர் படுத்துவிட்டால் அடிக்க வேண்டிய காகிதம் கத்தையாக மாடிப்படிக்குக் கீழேதான் போகும்.

மூன்றாம் நாள் பியூன் காகிதக் கட்டைக் கொண்டுவந்தான். நான் ஒவ்வொன்றாகப் புரட்டிக் கொடுக்க, அதிகாரி மலையைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அக்காவின் உத்தரவு வந்தது. எழுத்தைப் பார்த்ததுமே அது எந்த மெஷின் என்று தெரிந்துவிட்டது. ஒரு பிழை இல்லை, ஓரம் கோடு பிடித்த மாதிரி நேராக இருந்தது. 'படித்தவை' வரியில் மனுதாரர் அனுமதி தருமாறு என்பதற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சொல் அளவுக்கு வெறும் இடம். அந்தச் சொல்லை அப்போதும் அவள் அடிக்கவில்லை. அதிகாரி கவனிக்காமல் கீழே கையெழுத்துப் போட்டார். நான் ஈர மையை ஒற்றி எடுத்தேன்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தென்காசி வந்தேன். மாடிப்படிக்குக் கீழே இரண்டு சைக்கிள் நின்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், சோடாக்கடை ஓரத்தில் தார்ப்பாயைக் கட்டி, அதற்கடியில் தகர மேஜையும் அக்காவும். காற்று திரும்பினால் சாரல் உள்ளே அடித்தது. காகிதத்தின் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் அடித்துக்கொண்டிருந்தாள். உத்தரவை நீட்டினேன். அனுமதி வந்திருச்சு அக்கா, எழுந்திருங்க என்றேன்.

"யாருக்கு வந்திருக்கு தம்பி? கெஞ்சினவளுக்கு வந்திருக்கு. அவ யாருன்னு எனக்குத் தெரியாது."

"உங்க நல்லதுக்குத்தான அக்கா எழுதினேன்."

அவள் அடிப்பதை நிறுத்தினாள். அந்தச் சொல்லை ஏன் அடிப்பதில்லை என்பதற்கு முதல் தடவையாக உண்மையான பதிலைச் சொன்னாள். புருஷன் இறந்ததும் அவர் வேலையைத் தனக்குத் தரச் சொல்லி ஒரு மனு எழுதினாளாம். ஒரே பக்கத்தில் ஏழு இடத்தில் பெக். அந்த ஆபீஸ் குமாஸ்தாக்கள் அதைக் கைக்குக் கை மாற்றி, எண்ணிச் சிரித்தார்களாம். இவள் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தாளாம்.

"வேலையும் கிடைக்கலை. நீயும் குமாஸ்தாதான், ஆனா நீ சிரிக்க மாட்டேன்னு நினைச்சிருந்தேன். நீ சிரிக்கலை, சரி. என் வாயில அந்தச் சொல்லை வச்சிட்டியே."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கேயே நின்று நனைந்தேன். அவள் குடையை என் பக்கம் நகர்த்தவில்லை.

அன்றிலிருந்து தம்பி என்று கூப்பிட்ட வாய் சார் என்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சார், இந்த மனுவுக்கு முத்திரை. சார், பதிவு எண் எத்தனை. மூன்று மாதம் இப்படி. வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கூட்டம் முழுக்க ரோட்டைத் தாண்டிப் போயிற்று. அண்ணாச்சிக்குச் சோடா விற்றுக் கை ஓய்ந்தது, தார்ப்பாய் போய்த் தகரக்கொட்டகையே போட்டுக் கொடுத்துவிட்டார். நான் பயந்த பயமெல்லாம் வீண். அதுதான் இன்னும் குத்தியது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் பொறுக்காமல் ரோட்டைத் தாண்டிப் போனேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், ஒரு மனு அடிக்கணும் என்றேன். யாருக்கு சார் என்றாள். உங்களுக்குத்தான் என்றேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காகிதத்தைச் சொருகினாள்.

என்ன வேணும்? பழையபடி தம்பின்னு கூப்பிடணும். எப்போ வேணும்? இன்னைக்கே. மூன்றாவது கேள்விக்கு நான் வீட்டிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். கிடைக்காவிட்டால் மாற்றல் வாங்கிக்கொண்டு கரிசல்காட்டுத் திருவேங்கடம் பக்கம் போய்விடுவேன், ஊர்ப் பக்கமே தலைகாட்டமாட்டேன் என்று நல்ல உருக்கமான பதில். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் வாயில் வரவில்லை.

"நாளைக்கும் வருவேன்" என்றேன்.

தடதடவென்று அடித்து உருவிக் கொடுத்தாள். பார்த்தால் ரிக்வெஸ்ட். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மூன்று மாதம் தூங்காதவனுக்கு ஒரு என்ட்ரீட்டாவது கூடாதா அக்கா என்றேன்.

"நாளைக்கும் வரக்கூடியவனுக்கு அது எதுக்கு? நாளைக்கு வர முடியாதவன் ஒருத்தன் வருவான், அவனுக்கு வேணும்லா" என்றாள். கையெழுத்தை வாங்கிக்கொண்டு, மனுவை மேஜை டிராயருக்குள் போட்டுச் சாத்தினாள். பதில் எப்போது என்று கேட்டேன். ஆபீஸ்னா ஒரு வாரம் ஆகத்தான செய்யும் என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எட்டாம் நாள் சோடாக்கடை அண்ணாச்சி ஒரு காகிதத்தை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போனார். எங்கள் ஆபீஸ் உத்தரவு போலவே அச்சு அசல். ஓரம் நேர், எண் உண்டு, அதிகாரி கேம்ப் குற்றாலம் என்று போடுகிற மாதிரி கேம்ப் சோடாக்கடை என்றுகூடப் போட்டிருந்தாள். பெறுநர் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. தம்பி என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தது. படித்தவை: மனுதாரர் ரிக்வெஸ்ட் செய்த மனு. உத்தரவு: அனுமதிக்கப்படுகிறது. நிபந்தனை ஒன்று: மனுதாரர் இனிமேல் யாருக்காகவும், தனக்காகவும் சேர்த்து, எந்தக் காலத்திலும்

என்று எழுதி, ஒரு சொல் அளவுக்கு வெறும் இடம் விட்டு, கூடாது என்று முடித்திருந்தாள்.